எட்டுத் தலைக்கு ஒரே சீப்பு

1

இந்தக் கதை ஒரு வாட்ஸாப் செய்தியாகத்தான் தொடங்கியது. ஏழு அம்மாக்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தி. ‘ஒரு சின்ன விஷயம்’ என்று ஆரம்பித்தேன். சின்ன விஷயமா? அழித்தேன். செய்தி எழுத வராவிட்டால் என்ன, கதை எழுத வருமே என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திமிருக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: நவமணி ஈப்போவில் ஒரு சலூன் வைத்திருந்தாள். அவளுடைய நீண்ட விரல்கள்

[நிறுத்திவிட்டேன். நவமணி என்று யாரும் இல்லை. பழியைச் சுமக்க ஆள் தேடியிருக்கிறேன். சீப்பைப் பிடித்தது கத்தரின், அதாவது நான். எனக்குச் சலூனும் கிடையாது, ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க் வேலை. விரல்களும் குட்டைதான்.]

3

நடந்தது இதுதான். நாங்கள் சில குடும்பங்கள் எஸ்டேட்டை விட்டு ஈப்போவுக்கு வந்து இருபது வருடமாகிறது. ரப்பர் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. ஆனாலும் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு மட்டும் அங்கிருக்கும் சின்னக் கோயிலுக்கே போவோம். அன்று காலை, முன்பு எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகையில் பெண்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரே ஆள், ஒரே சீப்பால், ஒரே மாதிரிப் பின்னிவிட வேண்டும். யார் வீட்டில் வசதி, யார் வீட்டில் இல்லை என்பது தலையில் தெரியக்கூடாது. நல்ல வழக்கம்தான். இந்த வருடம் என் முறை. எட்டுப் பிள்ளைகள்.

முதலில் உட்கார்ந்தவள் ஷார்மேன், ஒன்பது வயது. உச்சிக்குப் பக்கத்தில் ஐம்பது காசு அகலத்துக்கு வட்டமாகச் செதில். அந்த இடத்தில் முடி அடியிலேயே ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

“பொடுகுதான்லா கேரன், எண்ணெ வச்சா போயிடும்” என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். எண்ணெய் வைத்துப் பின்னினேன். அதே சீப்பால் மற்ற ஏழு தலைகளையும் வாரினேன்.

4

மூன்று வாரம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, கேரன் போன் செய்தாள்.

“அக்கா, அந்த எடம் பெருசாயிடிச்சி. கிளினிக்ல சொரண்டி டெஸ்ட்டுக்கு எடுத்திருக்காங்க. கூராப்பா இருக்கலாமாம்.”

கூராப் என்றால் படர்தாமரை. ஒட்டிக்கொள்ளும், பூனையிடமிருந்தும்கூட.

“வீட்ல பூனை இருக்கா?”

“குட்டி ஒண்ணு இருக்கு. டாக்டரும் அதைத்தான் கேட்டாரு. வேற யாரும் அதே சீப்புல வாரினாங்களான்னும் கேட்டாரு.” கொஞ்சம் தயங்கினாள். “நான் ஒங்க பேரச் சொல்லலக்கா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த உபகாரத்தைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

5

கதைக்கு முடிவு தேடினேன்.

முடிவு அ: பொடுகு. ஆனால் பொடுகு மாவு உதிர்ந்த மாதிரி தலை முழுக்க இருக்கும். முடியை இப்படி வட்டமாக ஒடிக்காது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: புழுவெட்டு. அதில் சொட்டை வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. அதையும் அடித்துவிட்டேன்.

முடிவு இ: சொரியாசிஸ். தடித்த வெள்ளைச் செதில், சில சமயம் நெற்றி ஓரம் வரை இறங்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஒட்டவே ஒட்டாது! இதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். ரிசல்ட் வருகிறது, சீப்பின் மேல் குற்றமில்லை, கேரன் சிரிக்கிறாள்.*

* சிரிக்க மாட்டாள். படர்தாமரை சில வாரம் மாத்திரை சாப்பிட்டால் தீரும். சொரியாசிஸ் போகும், வரும், பல வருடத்துக்கு. என் தலை தப்பினால் போதும் என்று ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஆயுசுக்கும் ஒரு நோயை எழுதியிருக்கிறேன். மூன்று பக்கம், ரசித்து ரசித்து. வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பக்கங்களைப் படித்த என் கணவர் மத்தியாஸ், “ரிசல்ட் வரட்டும்லா, இப்பவே ஏன் எல்லாரையும் பயமுறுத்துற?” என்றார்.

“அதுக்குள்ள அந்தப் பிள்ளைங்க சீப்ப வீட்ல தம்பி தங்கச்சி எடுத்து வாரிட்டா?”

நான் காகிதத்தைக் கிழித்தேன்.

6

கேரனிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், இதை எழுதினேன்:

‘நான் கத்தரின். புதுநன்மை அன்னிக்கி எட்டுப் பேருக்கும் ஒரே சீப்புல வாரினேன். ஒரு பிள்ளைக்குப் படர்தாமரையா இருக்கலாம், ரிசல்ட் இன்னும் வரல. தப்பு அந்தப் பிள்ளைமேல இல்ல. நான் பாத்தேன், பாத்துட்டும் பொடுகுன்னு சொன்னேன். பிள்ளைங்க முடியைப் பிரிச்சிப் பாருங்க. வட்டமா செதிலோ ஒடைஞ்ச முடியோ இருந்தா கிளினிக் கூட்டிட்டுப் போங்க. சீப்பு, துண்டு யாருக்கும் மாத்திக் குடுக்காதிங்க.’

இன்று மாலை ஐந்தே காலுக்கு ஏழு பேருக்கும் அனுப்பிவிட்டேன். ஏழு பேரும் படித்துவிட்டார்கள். ஆறு பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் ஏதோ எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள். என்னைப் போலவே அழித்து அழித்து எழுதுகிறாள் போலிருக்கிறது.

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஏழு தலைகளில் ஒன்று உங்கள் பிள்ளையுடையது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.