செங்கல்களின் சம்மதம்

உடுமலையில் செங்கல்கள், தாங்கள் போய்ச் சேரும் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்த பிறகுதான் லாரியில் ஏறும். கேட்காமல் ஏற்றினால் முதல் வேகத்தடையிலேயே இறங்கித் திரும்பிவிடும். பைபாஸில் புதிதாக வந்த பெரிய கடைக்காரர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கம்பி வாங்கினால் சிமெண்ட் இலவசம் என்று ஊர் முழுக்க பேனர் கட்டினார்கள். சாயங்காலமானால் அவர்களுடைய செங்கல்கள் ரோட்டோரமாக வரிசைகட்டி நடந்து வரும். பஸ்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள்.

தனக்கொடிக்கு பேனர் கட்ட வசதியில்லை. கட்டுமானப் பொருள் கடை வைத்திருந்தாள் என்று பெயர்; சித்திரையிலிருந்து ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி கட்டும் கல்யாண மண்டபத்தின் ஆர்டர் கிடைத்தால் இன்னொரு கிளை திறக்கலாம். கைநழுவினால் இருக்கிற கடைக்கும் பூட்டுதான். வியாபாரத்தை வளர்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: முறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவது. நனைக்காத செங்கல் வாய் திறக்காது என்பதால், ஏழு செங்கல்களை நன்றாக நனைத்துத் துடைத்து, நல்ல நேரம் பார்த்து, லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினாள்.

திருமூர்த்தி நாற்காலி போட்டு வைத்திருந்தார். வாய் நிறைய வாங்க என்றார். செங்கல்கள் காப்பியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டு, அஸ்திவாரத்தைச் சுற்றிப் பார்த்து வந்தன. இருப்பதில் மூத்தது தொண்டையைச் செருமியது.

"எடமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கல்யாணம் முடிஞ்சா பூட்டிட்டுப் போயிருவாங்க. அடுத்த முகூர்த்தம் வரைக்கும் நாங்க யாரு மூஞ்சியப் பாக்கறதுங்க?"

திருமூர்த்தியின் முகம் தொங்கிப்போனது. தனக்கொடிக்குச் செங்கல்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆளே எட்டிப்பார்க்காத கடையில் நாள் முழுக்க ரோட்டைப் பார்த்து உட்காருவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, வாசல்ல ஒரு மூலைய எனக்கு வாடகைக்கு உடறீங்களா?" என்று திருமூர்த்தியைக் கேட்டாள். அவர் தலையாட்டியதும் செங்கல்கள் பக்கம் திரும்பினாள். "என்ற புதுக்கடைய இங்கயே போட்டுக்கறேன். தெனமும் காலைல வந்து மொகத்தக் காட்டீர்றேன். போதுமா?"

ஏழும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மழை பேஞ்சாலும் வருவீங்களா?" என்று கேட்டது, சூளையிலிருந்து அண்மையில் வந்த ஒன்று.

"வருவேன் சாமி."

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அன்று மாலை முதல் லோடு கிளம்பியது. வேகத்தடையில் ஒன்றுகூட இறங்கவில்லை.

மண்டபம் எழுந்தது. புதுக்கடையைத் திறக்கும் நாளில் தனக்கொடி ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள். வாசலில் ஒரு மலை நின்றிருந்தது. ஜல்லிக்காக வெட்டி வெட்டி அதன் ஒரு பக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. நடந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போற கடை இதுதானுங்களா?"

"இதுதானுங்க. வாங்க, உக்காருங்க" என்றாள் தனக்கொடி. லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, காப்பிக்கு அண்டாவை எடுத்து அடுப்பில் வைத்தாள்.