பழைய வெடிமருந்தின் வாசனை

சபாபதியிடம் புதுத் தோட்டாக்களைப் பற்றி யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கையில் இருக்கும் காபி ஆறிப்போகும். "இப்போ வர்றது சுத்தமான மருந்துன்றாங்க. சுத்தமா இருந்து என்ன பண்றது? புகையில்ல, வாசனையில்ல. சுட்டோமா இல்லையான்னு குறி வச்ச தட்டியப் போய்ப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்" என்பார். பிள்ளையார்பாளையத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தறிக்கு நடுவில் இந்தப் பேச்சைக் கேட்பவர்கள் பாதி புரியாமலே தலையாட்டுவார்கள். அது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் பேசுவார்.

அவரிடம் இருந்தது ஓர் இங்கிலீஷ் ரிவால்வர். பட்டுச் சேலை மூட்டையோடு ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்குப் போய்வந்த காலத்தில் அவர் அப்பா லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு மகன் பெயருக்கு வந்தது. கூடவே வந்த பெட்டித் தோட்டாவில் இப்போது மிச்சம் ஆறு. அந்த மாதிரித் தோட்டா இனி எங்கும் கிடைக்காது. சுட்டால் முழங்கை வரைக்கும் ஒரு நிதானமான உதை வரும், பின்னாலேயே மூக்கில் ஏறும் அந்தக் காரமான வாசனை. அதைக் கடைசியாக மோந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. தீர்ந்துவிடுமே என்ற கஞ்சத்தனத்தில் ஆறையும் தொடாமலே வைத்திருந்தார்.

எழுபத்தாறு வயதில் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்க வழியில்லை. திங்கட்கிழமை ரிவால்வரையும் தோட்டாவையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். "அதுக்கு முன்னால ஒரே ஒரு தபா சுட்டுப் பாத்துட்றேன்" என்று ஒரு வாரமாக நச்சரித்தார். "எதுக்குப்பா இப்போ அது?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்த மகள் துர்காதேவி, ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வழியில்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

முசரவாக்கத்தைத் தாண்டி இருந்த ரைபிள் கிளப்பில் நதியா என்ற பயிற்சியாளர் காத்திருந்தார். ரிவால்வரை வாங்கிச் சுழல் உருளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க சார். தோட்டாதான் ரொம்பப் பழசு. எங்ககிட்ட இதுக்குச் சேர்ற புது ரவுண்டு இருக்குது, போட்டுக்கிறீங்களா?" என்றார்.

"அது வேணாம்மா. புதுசு அவசரக்காரன் மாதிரி. வெடுக்குனு தள்ளிட்டுப் போயிடும். இது ஆள மதிச்சி தள்ளும்."

நதியா சிரித்துக்கொண்டு, குறித் தட்டியைக் கிட்டத்திலேயே நிறுத்தச் சொன்னார். சபாபதி ஆறையும் நிரப்பி, காதுமூடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி அழுத்தினார்.

சொடக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அப்படியே புடிங்க சார். சில நேரம் லேட்டா வெடிக்கும்" என்றார் நதியா. சபாபதி அரை நிமிஷம் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். ஒன்றும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. ஆறாவதும் சொடக்கியதும் ரிவால்வரை மேஜையில் வைத்தார். இருபது வருஷம் சேர்த்துவைத்த ஆசை ஆறு சொடக்கில் முடிந்துபோன வெட்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

நதியா தோட்டாக்களை மேஜையில் கொட்டி, ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்து வட்டப் பள்ளத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. விரலால் தடவினார். பிசுபிசுத்தது.

"எண்ணெய் விட்டிருக்காங்க சார். உள்ள எறங்கினா மருந்து செத்துடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. அடுப்படியில் நின்றுகொண்டு, தோட்டா பக்கம் எண்ணெயைக் கொண்டுவராதே, செத்துப்போகும் என்று மனைவி காமாட்சியிடம் எத்தனை தடவை பாடம் நடத்தியிருப்பார். ஆயுத பூஜைக்கு ரிவால்வரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் வேலை. தறிக்கும் கத்திரிக்கும் வைப்பது போலத் தோட்டாவுக்கும் வைப்பாள்.

"அவ கேக்கவே மாட்டா" என்றார் நதியாவிடம். "சொல்லி சொல்லி அலுத்துட்டேன்."

"அம்மா கேட்டுச்சிப்பா" என்றாள் துர்கா. "கேட்டதாலதான் விட்டுச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஸ்கூட்டி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் செத்துப்போன வருஷம். ஒரு நாள் மத்தியானம் நீ பெட்டிய தொறந்து வச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தியாம். அம்மா கதவாண்ட நின்னு பாத்துச்சாம். துப்பாக்கிய எடுத்து ஒளிச்சா நீ தாங்க மாட்டேன்னு, அந்த வருஷப் பூஜையில ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு சொட்டு நல்லெண்ண விட்டுச்சி. அப்புறம் வருஷா வருஷம்."

மகன் ஆனந்தகுமார் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பைக்கோடு போய்ப் பதினாலு வருஷம். அந்த மத்தியானம் சபாபதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தார். பெட்டியை மூடி எழுந்தது தன் மனத்திடம் என்று இத்தனை வருஷம் தன்னையே மெச்சிக்கொண்டும் இருந்தார். அன்று சாயங்காலம் காமாட்சி எதுவுமே கேட்காமல், அவருக்குப் பிடிக்கும் என்று வத்தக்குழம்பு வைத்திருந்தாள்.

"ரெண்டு புது ரவுண்டு தரட்டுமா சார்?" என்று நதியா மெதுவாகக் கேட்டார்.

அவர் வேண்டாமென்று தலையசைத்து, ஒரு தோட்டாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஏங்கி வந்த வாசனை அதில் இல்லை. நாள்பட்ட எண்ணெய்ச் சிக்கு வாசனை அடித்தது, வெள்ளிக்கிழமை தலைமுழுகி வந்து நிற்கும் காமாட்சியின் முந்தானை போல. அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவள் இறந்தே நாலு வருஷம் ஆகிறது. ஆனால் கையில் இருந்த தோட்டாவின் எண்ணெய் இன்னும் காயவில்லை.

"துர்கா, இந்த வருஷம் பூஜைக்கு?"

"நான் விட்டேன்பா" என்றாள் அவள்.