மலைவண்டி

பழைய சர்வரைச் சாயங்காலம் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் 'மலைவண்டி' இணையதளம் புது இடத்தில் திறந்தாக வேண்டும். கள்ளக்குறிச்சி வீட்டில் மதியத்திலிருந்து இசைவாணி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"வுட்டுத்தள்ளு வாணி. இப்ப யாரு அதைப் பாக்குறாங்க? இதோட மூடிடலாம்" என்றான் அவள் கணவன் பகலவன், படுத்தபடியே.

"நீங்க பாக்கலன்னா, ஊர்ல யாரும் பாக்கலையா?"

சொல்லிவிட்டாளே தவிர, மனசு சுருக்கென்றது. கல்லூரிக் கடைசி வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த தளம் அது. கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ் எங்கே வருகிறது என்று பயணிகளே எழுதலாம். சங்கராபுரத்தில், உரக்கடை மாடியில் அவன் தங்கியிருந்த அறையில்தான் அதன் கணினி இருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் போனில் நேரம் சொல்வாள், அவன் டைப் அடிப்பான். நேரம் சொல்லி முடித்த பிறகும் பேச்சு முடியாது. அந்தப் பேச்சில் அவள் எத்தனை பஸ்ஸைக் கோட்டை விட்டாளோ.

இப்போது தளத்தை ஒரு கன்டெய்னரிலும், தகவல்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸை இன்னொரு கன்டெய்னரிலும் வைத்திருந்தாள். ஒரே கணினிக்குள் தடுத்த இரண்டு அறைகள் மாதிரி. தனித்தனியாக இரண்டும் ஓடின. தளத்தைத் திறந்தால் மட்டும், டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்றே வந்தது.

அவள் பெருமூச்சைக் கேட்டு அவன் எழுந்து வந்தான். செட்டிங்ஸைப் பார்த்தான்.

"டேட்டாபேஸ் அட்ரஸ் 'லோக்கல்ஹோஸ்ட்'னு இருக்குது. இது நான் அப்ப அடிச்சதாச்சே?"

"ஆமா. மத்ததெல்லாம் மாத்திட்டேன். அது நீங்க அடிச்ச மொத வரி. அழிக்க மனசு வரல."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப ரெண்டும் ஒரே மெஷின்ல குந்திகினு இருந்துச்சி. 'இங்கியே பாரு'ன்னா போதும். இப்ப ஆளுக்கொரு வூடு. இது தன் வூட்டுக்குள்ளயே தேடிகினு கெடக்குது, பாவம். ரெண்டையும் ஒரே நெட்வொர்க்ல சேரு. அப்புறம் டேட்டாபேஸ் கன்டெய்னரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடும்."

அவள் சேர்த்தாள்.

"பேரு இன்னா வச்ச? சொல்லு, அடிக்கிறேன்."

"நகருங்க, நானே அடிக்கிறேன்."

"அதுல இன்னா ரகசியம்?"

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பயந்து நிறுத்தியது, அப்படியே பழகிவிட்டது. 'லோக்கல்ஹோஸ்ட்'டை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அடித்தாள். பகலவன்.

"அடிப்பாவி. டேட்டாபேஸுக்கா என் பேரு?"

"நீங்கதான் எல்லாத்தையும் மறந்துட்டீங்க. இதுக்காவது ஞாபகம் இருக்கட்டும்னு வச்சேன்."

தளத்தை மறுபடி ஓடவிட்டாள். திறந்தது. பழைய பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. தளத்தின் முகவரியைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே புதிதாக ஒரு கேள்வி வந்து விழுந்தது: 'கச்சிராயபாளையத்துல கைக்குழந்தையோட நிக்கிறேன். வெள்ளிமலை பஸ் கள்ளக்குறிச்சில எடுத்தாச்சா?'

இசைவாணி கணவனைப் பார்த்தாள். அவன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. பாக்காம இன்னான்னு பதில் எழுதுறது? வர்றியா?"