பப்பா தாண்டிப்போன பக்கம்

1

இந்தக் கதை ஒரு கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், நார்ஃபோக்கின் இந்தச் சின்ன ஊருக்கு நான் குடிவந்து வெகுகாலமாகிறது. இன்னும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் தபால்காரர் மட்டும்தான். மழைக்கு ஒதுங்கித் தேவாலயச் சுவரோரம் நின்றபோது அந்தக் கல்லைப் படித்தேன். மேலே போதகரின் பெயர், பட்டங்கள், நற்பணிகள். அடியில், இடம் போதாமல் பொடி எழுத்தில்: 'ஹெஸ்டர், மேற்படியாரின் மகள்.'

மேற்படியாராம்! எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அவளை நாவலாசிரியை ஆக்கிவிட்டேன். அவள் ஒரு வரியாவது எழுதினாள் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், காற்று ஊளையிடும் வெட்டவெளியில், கறுப்பு உடுத்திய ஒரு பெண் தன்னந்தனியாக...'

வேண்டாம். இந்த ஊரில் சேறுதான் உண்டு.

இரண்டாவது: 'ஹெஸ்டர் கோழிகளுக்குத் தீனி போட்டாள், ஏழைகளுக்கு சூப் கொடுத்தனுப்பினாள், மிச்ச நேரத்தில் ஒரு மனிதனைக் கொன்றாள்.' [தாளில்தான்.] இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

அவள் எட்மண்ட் தார்ன் என்ற ஆண் பெயரில் எழுதினாள். பதிப்பாளரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஒரே அறையில் தூங்கிய தங்கை லெட்டிக்குக்கூட.

3

தேநீருக்குப் பிறகு கணப்பருகே பப்பா, அதாவது கல்லில் மேலே இருக்கும் அந்தப் போதகர், நாவல் வாசிப்பார். மகள்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள். அப்போது வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். பெண்கள் காதுக்கு ஆகாத இடம் வந்தால் பப்பா தொண்டையைச் செருமிவிட்டுத் தாண்டிப் போவார்.*

* ஒரு செருமல் என்றால் ஏதோ ஒரு முத்தம் போயிற்று என்று அர்த்தம்.

அந்தக் குளிர்காலம் வாடகை நூலகத்திலிருந்து வந்தது எட்மண்ட் தார்னின் நாவல்.

"என்னமா எழுதறான் பாரு இந்த மனுஷன்!" என்றார் பப்பா. "கிரேக்கம் படிச்சவன். நடையிலேயே தெரியுது."

"அடர்த்தியா மீசை வச்சிருப்பார்," என்றாள் லெட்டி. "ஹெஸ்டர், உனக்குப் பார்க்கலாமா?"

"வேணாம்டி. எந்நேரமும் எழுதிட்டே இருப்பார். யார் அவரோட குப்பை கொட்டறது?"

"ஆமா, ஓட்டைக் காலுறை தைக்கிற உனக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்!"

பப்பா சிரித்தார். ஹெஸ்டரும் சிரித்தாள். [இங்கே அவள் மனநிலையைப் பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதி, நானே கண்கலங்கி, அடித்துவிட்டேன். அவளுக்குத் தனிமையாக இருந்தது. அவ்வளவுதான்.]

பப்பா செருமும்போதெல்லாம், தாண்டிப்போன வரி அந்த அறையில் அவளுக்கு மட்டும் கேட்டது.

4

இனி, அவள் ஏன் எழுதினாள் என்று சொல்ல வேண்டும்.

இந்த ஊர்ப்பக்கம் சாவு விழுந்தால் தேவாலய மணி, அடிகளின் கணக்கில், முதலில் ஆணா பெண்ணா என்று சொல்லும். பிறகு வருஷத்துக்கு ஒரு அடியாக வயதை அடிக்கும். அம்மா இறந்த காலையில் பப்பா மருத்துவரிடம் சொன்னார், மணியடிப்பவரிடம் சொன்னார், லெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். சமையலறையில் அம்மாவுக்காக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த மூத்தவளிடம் சொல்ல மறந்துவிட்டார். மணி ஒரு பெண் என்றது. ஹெஸ்டர் எண்ணத் தொடங்கினாள். அம்மாவின் வயதில் மணி நின்றது.

அதைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. அந்தக் காலத்து வாடகை நூலகங்கள் கேட்ட மாதிரி மூன்று பாகம் இழுத்து, கொலை, உயில், கல்யாணம் எல்லாம் சேர்த்து அவள் எழுதியது, அந்தக் காலையைச் சொல்லும் ஒரு பக்கம் பப்பாவின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

பட்டது. மூன்றாம் பாகத்தில், "கெட்டிலில் வெந்நீர் கொதித்தது. அப்போது மணி..." என்று வாசித்தவர் நிறுத்தினார். செருமவில்லை. பக்கத்தைப் புரட்டி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்.

"என்ன பப்பா, இப்பதான் அவங்கம்மா சாகக் கிடந்தாங்க. அதுக்குள்ள கல்யாணமா?" என்றாள் லெட்டி.

"அந்த இடம் சரியா எழுதலை," என்றார் பப்பா.

5

முடிவு ஒன்று: ஹெஸ்டர் எழுந்து, "எழுதினது நான்தான்" என்கிறாள். பப்பா மன்னிப்புக் கேட்கிறார். (அந்தக் காலத்துப் பப்பாக்கள் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.)

முடிவு இரண்டு: அவருக்கு எதுவுமே உறைக்கவில்லை. பக்கம் தவறுதலாகப் புரண்டது. இப்படியே முடித்துவிட்டுப் படுத்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

முடிவு மூன்று: அவள் புத்தகத்தைக் கணப்பில் எறிந்து... வாடகைப் புத்தகத்தையா? ஹெஸ்டர் செய்யமாட்டாள்.

6

பப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணு எரியுது," என்றார். அந்த வீட்டில் அவர் இருக்கும்போது வேறு யாரும் வாசித்ததில்லை. புத்தகத்தை ஹெஸ்டரிடம் நீட்டினார். "நீ வாசிம்மா."

"எங்கேருந்து பப்பா?"

அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியும்," என்றார்.

புத்தகம் இப்போது அவள் மடியில் இருக்கிறது. கல்யாண அத்தியாயம் திறந்திருக்கிறது. ஒரு தாளைப் பின்னால் புரட்டினால் போதும். லெட்டி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஹெஸ்டரின் கையைப் பிடித்துப் புரட்ட வைக்கலாம். அது பிறகு என் முடிவாகிவிடும்.

அந்தக் கல்லை மறுபடி போய்ப் பார்த்தேன். ஹெஸ்டர் தாளைப் புரட்டினாள் என்றால், 'மேற்படியாரின் மகள்' என்பது அவளே ஆசைப்பட்டுப் பொறிக்கச் சொன்னது. புரட்டவில்லை என்றால், யாரோ இருக்கிற இடத்தில் எதையோ போட்டு வைத்தது. எது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எனக்கு வாசித்துக் காட்டவும் ஆளில்லை. நீங்கள் விரும்பிய இடத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.