துருவின் எடை

ஆர்வோ லம்பினென் பழைய டிரெய்லர் வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து கடைசிப் பொட்டுத் துருவையும் சுரண்டி முடித்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், வண்டி ஜாக்கிகளை விட்டு ஒரு சாண் மேலே எழுந்து நின்றது. உள்ளே அவன் மனைவி ஐலி முழந்தாளிட்டுத் தரைக்கு லினோலியம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆர்வோ அடியில் அட்டைப்பெட்டியை விரித்து மல்லாந்து கிடந்தான். மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் இருந்த இரும்பு ஒன்றரை முழத்துக்குத் தள்ளிப் போனதைப் பார்த்து, தன் கண்ணாடியில்தான் கோளாறு என்று அதைக் கழற்றித் துடைத்தான். மேலேயிருந்து ஐலியின் குரல் வந்தது.

"மெதுவா ஏத்து, ஆர்வோ. பசை இன்னும் காயலை."

"நான் ஏத்தலை."

லெஹ்டோ விரிகுடா என்ற அந்த ஊரில் இதைப் பெரிய அதிசயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வசந்தத்தில் ஓடை மீன்கள் கூட்டமாக லூத்தரன் தேவாலயத்தின் படிவரை வந்து, ஆராதனை முடிந்ததும் திரும்பிப் போயின. இன்னொரு குளிர்காலம் முழுக்க ஒன்னி மக்கினெனின் கூரையில் மட்டும் பனி விழவில்லை. அவன் சங்கடப்பட்டுக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பனி தள்ளிக் கொடுத்தான். ஆனால் துரு இல்லாத வண்டி என்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் வருடத்தில் பாதி பனி. பனி இருக்கும் வரை அதை உருக்கச் சாலையில் உப்பு. உப்பு இருக்கும் வரை துரு. குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வதுபோல் அங்கே வண்டியின் வயதை அடியில் குனிந்து பார்த்துச் சொல்வார்கள்.

இந்த டிரெய்லர் ஐலியின் முதல் கணவன் டௌனோவுடையது. டௌனோ ரம்பம் தீட்டுபவன். மரம் வெட்டும் முகாம்கள் குளிர்காலத்தில்தான் நடக்கும் என்பதால், நவம்பரிலிருந்து மார்ச் வரை டிரெய்லரைக் காரின் பின்னால் கட்டி முகாம் முகாமாகப் போவான். ஐலியும் கூடவே போய் அதிலேயே குடித்தனம் நடத்துவாள். அப்படிப் பதினோரு குளிர்காலம். பிறகு ஒரு பிப்ரவரியில் கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவன் இதயம் நின்றுபோயிற்று. டிரெய்லர் அவன் அக்கா ஹெல்மியின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பிர்ச் மரங்களுக்கு நடுவே நின்று, வருடக்கணக்கில் இலையையும் எலியையும் சேர்த்தது. ஐலி பள்ளிச் சமையலறையில் வேலைக்குப் போனாள். அங்கே உலோகவேலை ஆசிரியர் ஆர்வோ தினமும் தட்டைத் திருப்பித் தரும்போது அது கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். இப்படி ஒரு மனிதனா என்று நாற்பத்தொன்பதாம் வயதில் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

நல்ல கல்யாணம்தான். ஆர்வோ குடிப்பதில்லை, குரல் உயர்த்துவதில்லை, காலைக் காபியை அவனே போட்டுக் கொண்டுவருவான். ஒரே ஒரு விஷயம். ஐலி எப்போதாவது "ஒருதடவை நானும் டௌனோவும்..." என்று ஆரம்பித்தால், அவன் எழுந்து சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்புக்கு விறகு வைக்கப் போய்விடுவான், குளியல் இல்லாத கிழமையிலும். பன்னிரண்டு வருடத்தில் ஐலி அந்த வாக்கியத்தை ஒருமுறையும் முடித்ததில்லை. அடுப்பு மட்டும் நன்றாக எரிந்தது.

ஓய்வு பெற்றதும் எங்காவது சுற்றலாம் என்று பேச்சு வந்தபோது ஐலி அந்த டிரெய்லரைக் கேட்டாள். ஆர்வோ மறுக்காமல் அதை இழுத்து வந்து தங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினான். "யாரும் ஏறாத புது வண்டி மாதிரி பண்ணித் தர்றேன்" என்றான். சொன்னபடியே செய்தான். திரைச்சீலை, அலமாரி, மடக்குக் கட்டில், கரி படிந்த சின்ன அடுப்பு எல்லாம் போயின. பழைய தரையைப் பெயர்த்து, சட்டத்தின் மேல்பக்கத்தைச் சுத்தம் செய்து, புதுப் பிளைவுட் போட்டான். மிச்சம் இருந்தது அடிப்பக்கத்துத் துரு. அதுதான் உண்மையில் டௌனோ. பதினோரு குளிர்காலத்துச் சாலையும் அடுக்கடுக்காக அதில் ஒட்டியிருந்தது.

கடையில் இதற்கு ஒரு மருந்து விற்பார்கள். பால்போல் இருக்கும், துருவின் மேல் பட்டதும் கறுத்து இறுகி, கவசமாகிவிடும். ஆர்வோ கம்பிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு சட்டத்தை வெள்ளி மாதிரி இழைப்பதைப் பார்த்து ஐலி சொன்னாள்: "முழுசா எடுக்காதே. உதிர்றதை மட்டும் தட்டிட்டு மிச்சத்து மேல மருந்தை அடி. பிடிச்சுக்கத் துரு இருந்தாத்தான் மருந்து நிக்கும்."

"உனக்கு யார் சொன்னது?"

"டௌனோ அப்படித்தான் பண்ணுவான்."

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உலோகவேலை சொல்லிக்கொடுத்தவனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்தப் பெயருக்குப் பிறகு அவனால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. கம்பிச் சக்கரம் தேய்ந்தால் உப்புத்தாள், உப்புத்தாள் எட்டாத மூலைக்குக் கம்பி பிரஷ், பிரஷ் எட்டாத இடுக்குக்குப் பல் குத்தும் ஊசி. மே மாதம் முழுக்க அந்த வீட்டு முற்றத்தில் செந்தூள் பறந்தது, கோழிகள் செம்பட்டையாயின. டிரெய்லர் லேசாகிக்கொண்டு வருவதை ஜாக்கிகள் மட்டும் அறிந்திருந்தன.

அவன் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தபோது வண்டி இடுப்பளவு ஏறியிருந்தது. "குதி, ஐலி" என்று கைகளை நீட்டினான். அவள் வாசலுக்கு வந்து, கையில் பசைக்கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள்.

"முதல்ல இதைச் சொல்லு. எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். குதி."

"ஒரு பொட்டுகூட விடலையா?"

"இல்ல."

அவள் குதிக்கவில்லை. கோபத்தில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். கோபம் தணிந்து அவள் கீழே பார்த்தபோது, முற்றம் ஓர் ஆளின் தோளுயரம் கீழே போயிருந்தது. போன குளிர்காலத்தில் உடைந்து சேர்ந்த இடுப்பெலும்பு அவளுக்கு. இனி நினைத்தாலும் குதிக்க முடியாது.

ஆர்வோ படகுக் கயிற்றை எறிந்து வண்டியின் முன்னால் நீளும் இழுகொம்பில் மாட்டி, மறுமுனையைப் பிர்ச் மரத்தில் கட்டினான். பின்பக்கத்தைச் சங்கிலியால் தன் பிக்கப் வண்டியோடு பிணைத்தான். இரு முனையும் கீழே இழுபட, நடுப்பகுதி மேலே போகத் துடித்தது; சட்டம் வில்லாக வளைந்தது. ரிவெட் ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழ, கோழிகள் ஓடிப்போய்க் கொத்திப் பார்த்து ஏமாந்து திரும்பின. எதிர்வீட்டு ஒன்னி வந்தான். ஹெல்மி வந்தாள். தீயணைப்புக் குழு ஏணியோடு வந்தது. ஏணியைச் சாய்த்த உடனே டிரெய்லர் பலூன் மாதிரி விலக, கயிற்றில் ஒரு புரி அறுந்தது. ஏணியை எடுத்துவிட்டார்கள். இதற்குள் வண்டி மரத்தின் முதல் கிளைக்கு மேலே இருந்தது. மாலையில் வடமேற்கிலிருந்து காற்று எழும் என்று வானொலி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. காற்று வந்தால் கயிறு நிற்காது. கயிறு போனால் ஏரிதான். அந்த ஏரி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த வழக்கமில்லை.

"என் தம்பி வண்டி அது" என்றாள் ஹெல்மி, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவன் இருந்தவரைக்கும் ஒருநாளும் பறக்கலை."

ஆர்வோ திரும்பி ஒன்னியின் தோளைப் பிடித்தான். ஒன்னி சாலைத் துறையின் உப்பு லாரி ஓட்டுபவன். "உப்புத்தண்ணி கொண்டுவா. அடியில பீய்ச்சணும். துரு பிடிக்கட்டும்."

"வருஷா வருஷம் கூட்டத்துல எழுந்து நின்னு, உப்பு போட்டே ஊரைக் கொல்றான்னு என்னைத் திட்டினியே, வாத்தியாரே" என்றான் ஒன்னி. ஆனால் சொல்லிக்கொண்டே ஓடினான்.

லாரி வந்தது. குழாயைத் தூக்கிப் பீய்ச்சினார்கள். உப்புநீர் சட்டத்தில் பட்டுத் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு, கீழே நின்றவர்களின் தலையில் கொட்டியது. ஆர்வோவின் வேலை அவ்வளவு சுத்தம். இரும்பு மீன்வயிறுபோல் பளபளத்துக்கொண்டே இருந்தது. ஏரியின் தூரத்து விளிம்பு கறுத்தது.

மேலே ஐலி வாசல் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பயத்தை அடக்கத் தனக்குத்தானே பேச ஆரம்பித்திருந்தாள். "இப்படித்தான் ஆடுச்சு அன்னிக்கும். ஸேனி ரோட்டுல. வளைவே இல்லாத ரோடு அது, பனியில ரோடு எது வயல் எதுன்னு தெரியலை. டௌனோ கதவைத் திறந்து கால வெளியே விட்டுத் தடவித் தடவி ஓட்டினான்..."

அப்போது இரண்டாவது குறுக்குச் சட்டத்தில் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு பூத்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆர்வோ பார்த்தான். வண்டி ஒரு விரற்கடை இறங்கியதையும் பார்த்தான். ஐலி பழக்க தோஷத்தில் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டாள். சிவப்பு அத்தோடு நின்றது.

அவனுக்குப் புரிந்தது. அவள் முழுதாகச் சொல்ல, அவன் கேட்க வேண்டும். ஊரே சுற்றி நின்றது. டௌனோவின் அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். முற்றத்துக் கொடியில் துணிகள் முதல் காற்றில் புரண்டன. கயிற்றில் இன்னொரு புரி அறுந்தது.

"அப்புறம்?" என்றான் ஆர்வோ.

ஐலி எட்டிப் பார்த்தாள். "என்ன?"

"ஸேனி ரோட்டுல. அப்புறம் என்ன ஆச்சு?"

பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவையாக அவன் கேட்டான், அவள் சொன்னாள். அன்று இரவு முழுக்க நின்ற இடத்தில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்ததை. ரம்பப் பற்களைத் தீட்டும் ஓசையில் தனக்குத் தூக்கம் வந்ததை. ஒரு முகாமில் சமையற்காரன் ஓடிப்போக, அறுபது பேருக்குத் தானே அப்பம் சுட்டதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டுச் சிவந்தது. ஆர்வோ கீழே நின்று ம் கொட்டினான். ஒன்னி திட்டுத்திட்டாக உப்புநீரைப் பீய்ச்சினான். வண்டி கிளைக்குக் கீழே வந்தது. பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஆனா ரொம்பக் குளிரு, ஆர்வோ" என்றாள் குரலை மாற்றி. "பெரிய கொடுமைதான் அது. எப்போடா வீட்டுக்குப் போவோம்னு தினம் அழுவேன்."

சிவந்த சட்டம் வெளுத்தது. டிரெய்லர் ஒரே மூச்சில் கிளையைத் தாண்டிப் போக, மரம் முனகியது. பின்பக்கச் சங்கிலி பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியது. கூட்டத்தில் யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள்.

"எனக்காகச் சொல்லாதே!" என்று கத்தினான் ஆர்வோ. அவன் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. "ஐலி, உள்ளதைச் சொல்லு. அவன்கூட சந்தோஷமா இருந்தியா?"

காற்று ஏரியைத் தாண்டிக் கரைக்கு வந்துவிட்டது. ஐலி வாசல் சட்டத்தை இன்னும் இறுகப் பிடித்தாள். கயிற்றில் மிஞ்சியிருந்தது ஒரே புரி.

"இருந்தேன்" என்றாள். "ரொம்ப சந்தோஷமா இருந்தேன், ஆர்வோ."

இரண்டு நீளச் சட்டங்களும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நொடியில் சிவந்தன. டிரெய்லர் கிளைகளை முறித்துக்கொண்டு இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கயிறு அப்போதுதான் அறுந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. காற்று வண்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, ஹெல்மியின் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஆர்வோ ஐலியைத் தூக்கி இறக்கினான். அவன் கண் சிவந்திருந்ததற்கு உப்புநீர்தான் காரணம் என்று ஒன்னி எல்லோரிடமும் சொன்னான்.

"நீ கேட்டே, அதான் சொன்னேன்" என்றாள் ஐலி, அவன் தோளில் முகத்தை வைத்து.

"தெரியும்."

"உன்கூடவும்தான்."

"அதையும் கேட்கணும்னுதான் நினைச்சேன். ஆனா காத்து வந்துடுச்சு."

மறுநாள் உதிர்வதை மட்டும் தட்டிவிட்டு, மிச்சத்தின் மேல் மருந்தை அடித்தான். சட்டம் கறுத்து இறுகிற்று. கடைசிக் குறுக்குச் சட்டத்துக்கு வந்தபோது பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான். அது மட்டும் வெறும் இரும்பாகவே இருந்தது. மருந்தும் இல்லை, பெயின்டும் இல்லை. ஏன் விட்டாய் என்று ஒன்னி கேட்டதற்கு, "அது நாங்க போகப்போற ரோட்டுக்கு" என்றான்.

டிரெய்லர் ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டது. காரில் பூட்டினால் சத்தமில்லாமல் பின்னால் வரும். வண்டி பதிவு செய்யும் அலுவலகத்தில் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, தரையைத் தொட வேண்டும் என்று விதியில் இல்லாததால் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஐலியும் ஆர்வோவும் கோடையில் மட்டும் போகவில்லை. சாலையில் உப்பு போடும் மாதங்களிலும் போனார்கள். வழியில் ஐலி சொல்வாள், ஆர்வோ ம் கொட்டுவான். சண்டை போட்டார்கள், வழி தவறினார்கள், ஒருமுறை மின்னசோட்டாவில் மீன் பொரிக்கப் போய்ப் புதுத் திரைச்சீலையைக் கொளுத்தினார்கள். கடைசிக் குறுக்குச் சட்டத்தில் முதலில் ஓரமாகவும் பிறகு நடுவிலும் துரு ஏறியது. ஆர்வோ மாதம் ஒருமுறை அடியில் படுத்து அதைப் பார்த்துவிட்டு, கை வைக்காமல் வெளியே வருவான். ஐந்தாவது குளிர்காலத்தின் முடிவில் வலப்பக்கச் சக்கரமும், மறுவாரம் இடப்பக்கச் சக்கரமும் தரையில் பட்டன. அந்த வசந்தத்தில், பனிக்காலம் முடிந்ததும் ஊரில் எல்லோரையும் போல அவர்களும் டிரெய்லருக்கு டயர் மாற்றினார்கள்.