நல்ல செய்தியை நம்பாதவள்

செர்பியாவில் எங்கள் லெஸ்கோவாட்ஸ் பக்கத்தில் புற்றுநோய் என்றால் வீட்டுக்காரர்களிடம்தான் சொல்வார்கள். நோயாளிக்கு, "வெறும் கொழுப்புக்கட்டி, பயப்படாதே" என்று தேன் தடவிய பேச்சு. எனக்கு அது அறவே ஆகாது. நானே ஊசி குத்திச் செல்களை எடுத்து, நானே நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளதைச் சொல்கிறவள். ஊரில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர்.

ஸ்லாவெங்கா வந்தபோது, தெருவெல்லாம் குடைமிளகாய் சுட்டு, குளிர்காலம் முழுக்கச் சாப்பிட அய்வார் தொக்குக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் இந்த வருஷம் அடுப்பே மூட்டவில்லையாம், சாப்பிட யார் இருக்கப்போகிறார்கள் என்று. மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி. மேல்தோல் உள்ளே இழுத்திருந்தது. அறுவை டாக்டர் மார்பையே எடுக்க நாள் குறித்திருந்தார். எதுவானாலும் தன்னிடம் மட்டும் சொல்லும்படி அவள் கணவன் ராடிசாவ் கெஞ்சினான்.

புற்றுக்கட்டியில் இறங்குவது போலவே ஊசி நறநறவென்றுதான் இறங்கியது. எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. ஆனால் கண்ணாடித் தகட்டில் கண்டது வேறு. ரவை தூவினாற்போல் துகள் நிறைந்த பெரிய செல்கள், நடுவே சின்னஞ்சிறு கருக்கள். துகள்செல் கட்டி. நரம்பின் உறையில் பிறந்து, புற்று மாதிரியே வேஷம் போடும் அபூர்வமான சாது. தனிச் சாயம் ஏற்றியும் பார்த்தேன், சந்தேகமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நெகிழ்ச்சியில்தான் தப்புச் செய்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்: "ஒண்ணுமில்லம்மா. சாதாரணக் கட்டிதான். அதை மட்டும் எடுத்தாப் போதும்."

ராடிசாவ் சந்தோஷத்தில் ஓவென்று அழுதான். அவள் முகம் வெளுத்தது.

"எங்கம்மாகிட்டயும் இதையேதான் சொன்னாங்க டாக்டர். இதே மாதிரி கையப் புடிச்சுக்கிட்டு. எனக்கு இன்னும் எவ்ளோ நாளு?"

நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். சத்தியம்கூடச் செய்தேன். எதுவும் ஏறவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, கட்டி தட்டுப்பட்டும் இத்தனை மாசம் என்ன பண்ணிட்டு இருந்த? இதுல சிகரெட் நாத்தம் வேற. இன்னையோட அதைத் தூக்கிப் போடு. இனிமே எதுக்காவது இப்படி லேட்டா வந்தே, கதவையே தொறக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது.

"எங்கம்மாவக் கடைசில யாருமே திட்டல," என்றாள். "கேட்டப்பல்லாம் சிகரெட் குடுத்தாங்க."

பிறகு கணவன் தோளைத் தட்டினாள்.

"அழுதது போதும், எந்திரிய்யா. சந்தையில நல்ல குடைமிளகாயா பாத்து வாங்கணும்."