இரண்டு விரல் இடைவெளி

“மாவு இளகிப்போச்சும்மா. என்ன பண்ணட்டும்?” என்று மகள் சமையலறையிலிருந்து கேட்டபோது, அவள் அறையில் தன் கணவரின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்றோ நாளையோ என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மனிதர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது பிஸ்கட் ஒரு கேடா? ஆனால் போன வாரம், பேச்சு இருந்தபோது, அவர் மகளிடம் சொல்லியிருந்தார். விடுமுறை தொடங்குவதற்குள் டப்பாக்கள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். வருடக் கடைசி விடுமுறையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். லிஃப்ட்டும் சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் மக்கர் பண்ணும். திட்டு வாங்கி வாங்கிக் காது புளித்துப்போய், ஒரு வருடம் தானே பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். திட்டுகிற வாய்க்கு வேறு வேலை கொடுக்கிறேன் என்று சிரித்தார். பிறகு அதுவே வழக்கமாகி, பன்னிரண்டு கட்டடங்களுக்கு நாற்பது டப்பா என்று வளர்ந்தது. அந்த இரண்டு நாளும் அவள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது தரையெல்லாம் மாவாக இருக்கும். அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

மகள் கையில் கொஞ்சம் மாவோடு வந்து கட்டிலருகே நின்றாள். போர்வைமேல் அவருடைய விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. மத்தியானத்திலிருந்தே அப்படித்தான். போகிற உயிர் துணியைப் பிறாண்டும் என்று எதிர்வீட்டம்மா வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மகள் அதையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அம்மா, அப்பா பிறாண்டலை. உருட்டுறார்.”

அவள் குனிந்து பார்த்தாள். வலது கை விரல்கள் இடது உள்ளங்கையில் வட்டம் போட்டன. நின்றன. வலது கை கொஞ்சம் தள்ளிப் போய் எதையோ வைத்தது. திரும்பி வந்தது.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் கையிலிருந்த மாவில் ஒரு துண்டு கிள்ளி அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு உருட்டின. இரண்டு சுற்று, ஓர் அழுத்து. வழவழவென்று ஓர் உருண்டை போர்வைமேல் உட்கார்ந்தது.

மகள் ஓடிப்போய்த் தட்டைக் கொண்டுவந்து போர்வைமேல் வைத்து, அந்த உருண்டையை அதில் எடுத்து வைத்தாள். அவள் அடுத்த துண்டை வைத்தாள். அவர் உருட்டினார். முதல் உருண்டைக்குப் பக்கத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தார். கண் மூடியே இருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. சொல் புரியாத, தண்ணீர் இறங்காத அந்த உடம்புக்குள் இந்த ஒன்று மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தது.

ஐந்தாவதையும் ஒன்பதாவதையும் மகள் தராசில் வைத்துப் பார்த்தாள். ஒரே எடை. திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

பதினாலாவதோ பதினைந்தாவதோ, அவர் உருட்டாமல் கையை நீட்டியபடியே வைத்திருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். கை இறங்கவில்லை. எதற்கோ காத்திருந்தது.

“என்னங்க,” என்றாள். “கம்மியா இருக்கா?”

ஒரு சிட்டிகை மாவு கூட்டி வைத்தாள். கை உருட்டத் தொடங்கியது.

இருபத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அவர் சட்டையில் எந்தப் பொத்தான் முதலில் அறும் என்று தெரியும். இந்தக் கைகளை இப்போதுதான் பார்க்கிறாள். அழுகை வரவில்லை. பெரிய மலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.

இருபத்து மூன்றுக்கு மேல் கை மூடவில்லை. வைத்த மாவு வைத்தபடியே இருந்தது.

மகள் தட்டோடு நின்றாள். “இதை என்னம்மா பண்றது?”

“ஓவன்ல வை.”

வெண்ணெய் வாசனை கூடத்தைத் தாண்டி அறைக்குள் வந்தபோது அவர் ஒரு மூச்சை நீளமாக இழுத்தார். அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. மகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்து ஓவன் மணி அடித்தது. அவள்தான் எழுந்து போனாள். கருகவிடக் கூடாது.

மறுநாள் காலை கட்டடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. லிஃப்ட்காரர் என்றே சொன்னார்கள். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கலாமா என்று மகள் தயங்கிக் கேட்டாள். அவள் தலையசைத்தாள்.

ஒன்பதாவது மாடியிலிருந்து வந்த டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தார்போல. கையிலிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

“மூணு மாசமா படுக்கைன்னு சொன்னாங்களே. இது யாரு பண்ணினது?”

“அவர்தான்,” என்றாள் அவள். “நேத்து.”

வாசலில் அமரர் ஊர்தியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் சுவரோரமாக ஒதுங்கி, நின்றபடியே பிஸ்கட்டைக் கடித்தார். ஒரு துணுக்கும் கீழே விழாதபடி, மற்றக் கையை மோவாய்க்கு அடியில் குழித்துப் பிடித்திருந்தார்.